வசந்தகாலக் குளிரில் பர்ப்பிள் மார்ட்டின்களைக் காப்பாற்றுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் குடியிருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர், வீட்டுத் தோட்டத்தில் மார்ட்டின் பறவைகளுக்காகக் கூட்டுவீடு அமைத்துள்ளனர். ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை, வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும்போதெல்லாம் ஒரே மாதிரியான கேள்விகளை அவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். ஹூஸ்டனுக்கு அருகே பல ஆண்டுகளாக இப்பறவைகளுக்கு வீடு வைத்துப் பராமரித்து வரும் அனுபவத்தைக் கொண்டு அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதுகிறேன்.

பர்ப்பிள் மார்ட்டின் எவ்வகைப் பறவை?

நம் ஊரில் குளிர்காலத்தில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் வட அமெரிக்காவில் வாழ்பவற்றுள் இதுவே பெரியது. உடல் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 50 கிராம், அதாவது ஒரு கோழிமுட்டையின் எடையை எட்டாது. முதிர்ந்த ஆண் பறவை வெயிலில் கருநீலமாகவும் ஊதாவாகவும் மின்னும். பெண் பறவைக்கும் ஒரு வயது ஆணுக்கும் வயிற்றுப்புறம் சாம்பல் கலந்த வெளிர்நிறமாக இருக்கும். ‘தகைவு’ என்றால் தளர்ச்சி; தளர்ச்சி இல்லாதது தகைவிலான். நாள் முழுவதும் வானிலேயே சுழன்று இரை தேடும் இந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை வேறு எந்த மொழியும் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே வாழும் மார்ட்டின்கள் ஏறக்குறைய முழுவதுமாக மனிதர்கள் வைக்கும் வீடுகளிலேயே கூடு கட்டுகின்றன. சாக்டா, சிக்கசா போன்ற அமெரிக்கப் பழங்குடியினர், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே உள்ளீடு அகற்றிய சுரைக்குடுக்கைகளைக் கம்பங்களில் கட்டித் தொங்கவிட்டு இப்பறவைகளை வரவேற்றார்கள். அந்த உறவு நீண்டு நீண்டு, இன்று மரப்பொந்துகளை ஏறக்குறைய மறந்து விட்ட ஒரு பறவையினமாக அது நம் வாசலில் வந்து நிற்கிறது. வீடு வைத்திருப்பவர்களை இங்கே ‘லேண்ட்லார்ட்’ என்றே அழைக்கிறார்கள். நாமும் வீட்டுக்காரர் என்றே சொல்லலாம்.

குளிர் முற்றிலும் விலகாத நேரத்தில் இவை ஏன் அவசரப்பட்டு வருகின்றன?

நல்ல வீடும் நல்ல இடமும் முதலில் வருபவர்க்கே கிடைக்கும் என்பதுதான் காரணம். தென் அமெரிக்காவில், பெரும்பாலும் பிரேசிலின் அமேசான் படுகையில் குளிர்காலத்தைக் கழிக்கும் மார்ட்டின்களில், ஏற்கெனவே கூடு கட்டிப் பழகிய முதிர்ந்த பறவைகள் முதலில் புறப்படுகின்றன. ஃபுளோரிடாவையும் மெக்ஸிகோ வளைகுடாக் கரையையும் அவை ஜனவரி நடுவிலிருந்தே எட்டத் தொடங்குகின்றன. பென்சில்வேனியா, மினசோட்டா, ஒன்டாரியோ போன்ற வடபகுதிகளை ஏப்ரலில் எட்டுகின்றன. ஒரு வயதுப் பறவைகள் பல வாரங்கள் கழித்தே வருகின்றன.

முதலில் வரும் பறவைகளை ‘ஸ்கவுட்’, அதாவது ஒற்றர் என்று சொல்வது இங்கே வழக்கம். இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் கூட்டத்தை அழைத்து வரும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அப்படி எதுவும் நடப்பதில்லை. அவை தம் பழைய வீட்டுக்குத் திரும்பிய முதிர்ந்த பறவைகள், அவ்வளவுதான்.

பயணத்தின் வேகமும் வியப்பானது. டொரன்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தின் பிரிட்ஜெட் ஸ்டட்ச்பரியும் அவருடைய குழுவினரும், ஒளியை அளந்து இருப்பிடத்தைக் கணிக்கும் சின்னஞ்சிறு கருவிகளைப் பறவைகளின் முதுகில் பொருத்தி ஆராய்ந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் ஒரு பெண் மார்ட்டின் அமேசானிலிருந்து பென்சில்வேனியாவுக்குச் சுமார் 7,500 கிலோமீட்டரை 13 நாட்களில் கடந்திருந்தது. முந்தைய இலையுதிர்காலத்தில் அதே பறவை தெற்கே போக 43 நாள் எடுத்துக்கொண்டிருந்தது. திரும்பும்போது காட்டும் இந்த அவசரம்தான், குளிர் விலகும் முன்பே அதை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அவற்றைக் கொல்வது குளிரா, பசியா?

பசிதான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும், ஏனெனில் செய்ய வேண்டிய உதவி எது என்பது இந்த ஒரு விடையைப் பொறுத்தே அமைகிறது. வயிறு நிறைந்த மார்ட்டின் உறைநிலைக்கு அருகிலான இரவையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது பறக்கும் பூச்சிகளை மட்டுமே உண்ணும் பறவை. தட்டான், வண்டு, ஈ, பட்டாம்பூச்சி, சிறகு முளைத்த எறும்பு ஆகியவற்றை வானில் பறந்தபடியே பிடிக்கும். வெப்பநிலை சுமார் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான பூச்சிகள் பறப்பதில்லை. பலத்த மழையிலும் காற்றிலும் பறப்பதில்லை. விதையோ பழமோ தின்னும் பறவைக்கு அந்த நாளில் தரையிலும் கிளையிலும் ஏதாவது கிடைக்கும். மார்ட்டினுக்கோ வானமே சாப்பாட்டுத் தட்டு, தட்டு காலியாகிவிடுகிறது.

பாதிப்பு எவ்வளவு பெரியதாக இருக்கக்கூடும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். 1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளியின் எச்சம் பென்சில்வேனியாவிலும் சுற்றுப்புற மாநிலங்களிலும் நாள்கணக்கில் மழை பொழிந்தபோது, கூடுகளில் இருந்த குஞ்சுகளும் தாய் தந்தைப் பறவைகளும் பெருமளவில் பட்டினியால் இறந்தன. அது வலசைக் காலம்கூட இல்லை; வெயில் ஏறியிருக்க வேண்டிய ஜூன் மாதம். 2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறைய வைத்த குளிரில் டாலஸ் நகரின் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே, மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. அதற்குள் மாநிலத்தின் தென்பகுதிக்கு வந்து சேர்ந்திருந்த மார்ட்டின்கள் பல இறந்தன. வீட்டுக்காரர்கள் கையால் ஊட்டிய இடங்களில் சில பிழைத்தன.

இரையில்லாமல் எத்தனை நாள் தாங்கும்?

நல்ல உடல்நிலையில் வந்து சேர்ந்த பறவை இரண்டு மூன்று நாள் தாங்கும். நான்காம், ஐந்தாம் நாளில் இறப்புகள் தொடங்கும். கடலையும் நிலத்தையும் கடந்து அன்றுதான் வந்திறங்கிய பறவையிடம் கொழுப்பு மிச்சம் அதிகம் இராது என்பதால் அதற்கு இந்தக் கணக்கு இன்னும் குறுகும்.

ஆகவே, மூன்றாம் நாள் வரை பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பது தவறு. பறவைக்கு ஊட்ட வேண்டுமானால் அதற்குப் பறந்து வந்து உணவைக் கவ்வும் தெம்பு இருக்க வேண்டும். அந்தத் தெம்பு இருப்பது முதலிரண்டு நாளில்தான்.

எப்போது தொடங்க வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது?

வானிலை அறிக்கையில் பகல்நேர உச்ச வெப்பநிலையைப் பாருங்கள். இரவுநேரக் குறைந்தபட்சம் இவ்விஷயத்தில் அவ்வளவு முக்கியமில்லை. பகலிலும் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாத நாட்கள் அடுத்தடுத்து இரண்டு வரப்போகின்றன என்றால் முதல் நாளிலேயே உணவைத் தயாராக வையுங்கள். மழையும் காற்றும் சேர்ந்தால் 55 டிகிரியிலும் பட்டினிதான். மாறாக, காற்றில்லாமல் நல்ல வெயில் அடிக்கும் 48 டிகிரி நாளில் ஏரிக்கரையின் ஒதுக்கில் கொஞ்சம் பூச்சி கிடைக்கக்கூடும். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

பறவைகளைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். வழக்கமாக மிக உயரத்தில் வேட்டையாடும் மார்ட்டின்கள் நீர்ப்பரப்பை ஒட்டித் தாழப் பறந்தால், மேலே இரை இல்லை என்று பொருள். காலையில் வெளியே கிளம்பாமல் அறைகளிலேயே தங்குவது, இறகை உப்பிக்கொண்டு திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருப்பது, பகலிலேயே கண் சொக்குவது, சிறகு தொங்குவது ஆகியவை அடுத்தடுத்த படிகள். கடைசி இரண்டைக் கண்டுவிட்டீர்கள் என்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. ஆனாலும் கைவிட வேண்டாம்.

என்ன உணவு கொடுக்கலாம்?

மூன்று பொருட்கள் போதும். முதலாவது, சில்வண்டு இனத்தைச் சேர்ந்த கிரிக்கெட் பூச்சி. வளர்ப்புப் பல்லிகளுக்கும் தவளைகளுக்கும் இரை விற்கும் கடைகளில் உயிருடன் கிடைக்கும். இணையத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கலாம். வாங்கி உறைபெட்டியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வெளியே எடுத்து, பூச்சியின் உறைவு முற்றிலும் நீங்கிய பிறகு கொடுக்க வேண்டும். இரண்டாவது, மீல்வார்ம் எனப்படும் மாவுவண்டுப் புழு. இதை உயிருடனே கொடுப்பது நல்லது, ஏனெனில் அதன் நெளிவுதான் பறவையின் கண்ணை இழுக்கிறது.

மூன்றாவதைக் கேட்டு முதலில் எல்லோரும் என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்: கோழிமுட்டை. முட்டையை அடித்து, எண்ணெய், உப்பு, பால், வெங்காயம், மிளகாய் எதுவும் சேர்க்காமல், ஒட்டாத வாணலியில் வெறும் பொரியலாகக் கிளறி, நன்றாக வெந்ததும் ஆறவைத்துப் பட்டாணி அளவுக்கு உதிர்த்துக்கொள்ள வேண்டும். பூச்சி கையிருப்பு தீர்ந்து, கடையும் மூடி, சாலையில் பனி உறைந்து கிடக்கும் நாளில் உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் கட்டாயம் இருக்கக்கூடிய ஒரே மார்ட்டின் உணவு இதுதான். 2021-இல் டெக்சாஸில் பலருக்குக் கைகொடுத்ததும் இதுவே.

சோறு, ரொட்டி, தானியம், மண்புழு எதுவும் வேண்டாம். மார்ட்டின் அவற்றை உணவென்றே அறியாது.

தானாகப் பறக்கும் பூச்சியை மட்டுமே உண்ணும் பறவைக்குச் செத்த பூச்சியை எப்படி ஊட்டுவது?

பூச்சியைப் பறக்க வைத்துத்தான். உதவியின் உயிர்நாடி இந்த உத்தியில் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீளமான பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே ஒரு கிரிக்கெட்டை வைத்து, கரண்டியின் நுனியை மறுகையால் பின்னுக்கு வளைத்து விட்டால், பூச்சி இருபது முப்பது அடி உயரம் எழும்பும். கவணால் எறிபவர்களும் உண்டு. எறிய வேண்டிய நேரம் முக்கியம்: பறவை வீட்டைச் சுற்றி வட்டமிடும்போதோ, வெளியே போய்த் திரும்பி வரும்போதோ, அதன் பாதைக்குச் சற்று மேலேயும் முன்னேயும் பூச்சி எழும்ப வேண்டும். பறவை உட்கார்ந்திருந்தால் திண்ணைக்கு எதிரே அது பார்க்கும் திசையில் எறியுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சி உங்கள் முகத்துக்கே திரும்பும்.

முதல் ஆண்டு ஒரு பிப்ரவரிக் காலையில் நான் எறிந்த முப்பதுக்கு மேற்பட்ட பூச்சிகளும் ஈரப்புல்லில்தான் விழுந்தன. கம்பத்தின் மேல் ஆறு பறவைகள். எல்லாம் இறகை உப்பிக்கொண்டு, கழுத்தே இல்லாதவை போல உருண்டையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு எறிக்கும் ஓரத்தில் இருந்த ஆண் பறவை மட்டும் தலையைச் சாய்த்து, பூச்சி எழும்புவதையும் விழுவதையும் கண்ணால் தொடர்ந்தது. பிறகு ஒரு முறை, எறிந்த கணத்திலேயே அது திண்ணையிலிருந்து சரிந்து விழுவது போல இறங்கி, கீழே வளைந்து மேலேறி, பூச்சி உச்சியைத் தொட்டுத் திரும்பும் புள்ளியில் கவ்வியது. அலகு மூடும் ‘டிக்’ என்ற ஒலி தரையில் நின்ற எனக்குக் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து, பூச்சியை அலகில் இருமுறை புரட்டி விழுங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் மூன்று பறவைகள் இறங்கி வந்தன.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒன்று கற்றுக்கொண்டால் போதும். மற்றவை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். ஒரு முறை கற்ற பறவை அடுத்த ஆண்டுகளிலும் மறப்பதில்லை. கரண்டியோடு நீங்கள் தோட்டத்தில் இறங்கியதுமே கம்பத்தின் மேல் சலசலப்பு எழும். ஆகவே குளிர் வரும் நாளுக்காகக் காத்திராமல், முதல் பறவைகள் வந்த வாரத்திலேயே, மேகமூட்டமான ஒரு காலையில் பத்துப் பதினைந்து பூச்சிகளை எறிந்து பழக்குங்கள். பசித்த பறவைக்குப் புதிய பாடம் கற்பிப்பதைவிட, ஏற்கெனவே கற்ற பாடத்தை நினைவூட்டுவது எவ்வளவோ எளிது.

தட்டில் வைத்தால் வந்து தின்னுமா?

தின்னும், ஆனால் பழக்க வேண்டும். கம்பத்திலேயோ, அதன் அருகே தனிக் கம்பத்திலேயோ, வீட்டின் உயரத்துக்கு நெருக்கமாக விளிம்புள்ள ஒரு தட்டைப் பொருத்துங்கள். தரையில் வைத்தால் மார்ட்டின் இறங்காது. குளிர் இல்லாத நாட்களில் முட்டையோட்டைக் கழுவி, சூளையடுப்பில் சூடாக்கி நொறுக்கி அந்தத் தட்டில் போட்டு வந்தால், முட்டையிடும் காலத்தில் சுண்ணாம்புச் சத்துக்காகப் பெண் பறவைகள் அதை நாடி வரும். அப்படிப் பழகிய தட்டில் கிரிக்கெட்டையும் புழுவையும் முட்டையையும் கலந்து வைத்தால் தயங்காமல் தின்னும். எறிந்த பூச்சிகளை உண்ணத் தொடங்கிய பிறகு, எறிவதைப் படிப்படியாகத் தட்டின் பக்கமாக நகர்த்துவதும் ஒரு வழி.

தட்டு பழகிவிட்டால் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. காலையில் ஒரு முறை, மாலையில் இருட்டுவதற்கு முன் ஒரு முறை நிரப்பினால் போதும். நடுப்பகலில் ஒரு முறை முடிந்தால் இன்னும் நல்லது. மாலை உணவைத் தவறவிடாதீர்கள். நீண்ட குளிர் இரவை அந்தப் பறவை வயிற்றில் உள்ளதை எரித்துத்தான் கடக்க வேண்டும்.

எறிந்தாலும் வரவில்லை, தட்டையும் தொடவில்லை. என்ன செய்வது?

புழுவையோ முட்டைத் துணுக்கையோ அவை உட்கார்ந்திருக்கும் திண்ணையிலும் அறை வாசலிலும் வையுங்கள். கப்பி வைத்து, கொடியை இறக்குவது போல இறக்கி ஏற்றக்கூடிய கம்பமாக இருந்தால் இது எளிது. பறவைகள் வெளியே சென்றிருக்கும் நேரம் பார்த்து இறக்குங்கள். குளிரில் ஒடுங்கியிருக்கும் பறவையை எழுப்பிப் பறக்கவிடுவது அதன் மிச்சத் தெம்பையும் பறிப்பதாகும்.

கூட்டுவீட்டில் என்ன மாற்றங்கள் செய்யலாம்?

குளிர் முடியட்டும் என்று வீட்டைத் தாமதமாகத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். வீடு திறந்திருப்பதால்தான் பறவை சீக்கிரம் வருகிறது என்ற எண்ணம் சரியன்று; அமேசானில் இருக்கும் பறவைக்கு உங்கள் தோட்டத்து வீட்டின் கதவு தெரியாது. அது வந்து சேரும்போது வீடு மூடியிருந்தால், தங்கும் இடமும் இல்லாமல் மழையில் நிற்கும். ஆகவே ஏற்கெனவே பறவைகள் குடியிருந்த வீட்டை, உங்கள் பகுதிக்கு முதல் பறவை வழக்கமாக வரும் நாளை ஒட்டியே திறந்துவிடுங்கள். இதுவரை குடி வராத புது வீட்டுக்கு இந்த அவசரம் இல்லை. புது இடத்தைத் தேடுபவை பெரும்பாலும் பின்னால் வரும் ஒரு வயதுப் பறவைகளே.

அறைகளின் தரையில் காய்ந்த பைன் ஊசியிலையையோ வைக்கோலையோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி வையுங்கள். அலுமினிய வீடாக இருந்தால் இது கட்டாயம். ஆறங்குல ஆழமுள்ள பழைய அறைகளைவிட, பன்னிரண்டு அங்குல ஆழமுள்ளவற்றில் மழையும் காற்றும் உள்ளே எட்டுவது குறைவு. வடக்குப் பக்க வாசல்களைக் குளிர் நாட்களில் மட்டும் அடைத்து வைப்பதும் உதவும்.

கடுங்குளிரில் மார்ட்டின்கள் ஒரே அறைக்குள் பல சேர்ந்து ஒன்றையொன்று ஒட்டி ஒடுங்கும். அதைக் குலைக்க வேண்டாம்.

மின்சார வெப்பமூட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வைப்பதில்லை. மழையில் நனையும் கம்பத்தின் உச்சியில் மின்கம்பி என்பது ஆபத்து. அதைவிட, அந்தச் செலவையும் கவனத்தையும் உணவில் காட்டினால் பறவை தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

சிட்டுக்குருவிகளும் அதே வீட்டில் வந்து தங்குகின்றன. விட்டுவிடலாமா?

சிட்டுக்குருவி என்றாலே நமக்கு மனம் இளகும்; எனக்கும் அப்படித்தான். ஆனால் இந்தக் கண்டத்தில் அது வந்தேறிப் பறவை. 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்டது. நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய ஸ்டார்லிங் 1890-இல் அதே நகரின் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்டது. இவை இரண்டும் மார்ட்டினின் கூட்டைக் கைப்பற்றும், முட்டைகளை உடைக்கும், ஸ்டார்லிங் முதிர்ந்த மார்ட்டினையே கொல்லக்கூடியது. குளிரில் சோர்ந்திருக்கும் மார்ட்டினுக்குத் தன் அறைக்காகச் சண்டையிட வலுவில்லை. எனவே குளிர் வருவதற்கு முன்பே அவற்றின் கூட்டுச் சருகுகளை அகற்றிவிடுங்கள். வட்ட வாசலுக்குப் பதிலாக, சுமார் மூன்று சென்டிமீட்டர் உயரமே உள்ள பிறை வடிவ வாசல் வைத்தால், தடித்த மார்புள்ள ஸ்டார்லிங் பெரும்பாலும் நுழைய முடியாது; மார்ட்டின் நுழைந்துவிடும். சிட்டுக்குருவியை அது தடுக்காது என்பதால் கண்காணிப்பு தொடர வேண்டும்.

தரையில் விழுந்து கிடக்கும் பறவையைக் கண்டால்?

மெதுவாக எடுத்து, காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் மென்மையான துணி விரித்து வைத்து, இருட்டான, வெதுவெதுப்பான, சத்தமில்லாத அறையில் வையுங்கள். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளிர்ந்து விறைத்த பறவைக்கு உடனே உணவைத் திணிப்பதும் தவறு. முதலில் சூடு திரும்ப வேண்டும்.

அதற்குள் காட்டுயிர் மீட்பு உரிமம் பெற்ற ஒருவரைத் தொலைபேசியில் அழையுங்கள். 1918-இல் இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் இப்பறவையை வீட்டில் வைத்துப் பராமரிப்பது குற்றம். உரிமம் உள்ளவரிடம் கொண்டு சேர்க்கும் வரை பாதுகாப்பது மட்டுமே நம் வேலை. அருகில் யார் இருக்கிறார்கள் என்பதைக் குளிர்காலம் தொடங்கும்போதே விசாரித்து எழுதி வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

இது இயற்கையின் போக்கில் தலையிடுவதாகாதா? வலுவற்றவை மடிவது இயல்புதானே?

நேர்மையான கேள்வி, இதை நான் பலமுறை எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். குளிர் தேர்ந்தெடுக்கிறது என்பதில் உண்மை இருக்கிறது. 1996 மே மாதம் நெப்ராஸ்காவில் ஆறு நாள் நீடித்த குளிரில், மார்ட்டினின் உறவான கிளிஃப் ஸ்வாலோ பறவைகள் பெருந்தொகையில் இறந்தன. அங்கே நெடுநாளாக அவற்றை ஆராய்ந்து வந்த சார்லஸ் பிரவுனும் மேரி பாம்பெர்கர் பிரவுனும், பிழைத்தவை சராசரியாகப் பெரிய உடல் கொண்டவை என்பதைக் கண்டறிந்தார்கள். பெரிய உடலில் சேமிப்பு அதிகம்.

ஆனால் மார்ட்டினின் நிலை அப்படியே அதற்கு ஒப்பானது அன்று. வசந்தத்தின் தொடக்கக் குளிரில் சிக்குபவை, பல முறை குஞ்சு பொரித்து வளர்த்து, பல்லாயிரம் கிலோமீட்டரைப் பலமுறை கடந்து தேறிய முதிர்ந்த பறவைகள். கூட்டத்தின் தலைக்கட்டுகள் என்றே சொல்லலாம். ஒரு வார வானிலையில் அவை மொத்தமாகப் போய்விட்டால், அந்த வீடு பல ஆண்டுகள் காலியாகக் கிடக்க நேரிடும். மேலும், மரப்பொந்தில் சிதறி வாழ்ந்த பறவையை நம் கம்பத்தில் ஒன்றாகக் குடியமர்த்தியது நாம். கூடு கட்டும் பொந்துகளுக்குப் போட்டியாக இரண்டு அயல்நாட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து இறக்கியதும் மனிதர்களே. பூச்சிகளை வானிலேயே பிடித்துண்ணும் பறவைகள் வட அமெரிக்கா முழுவதும் குறைந்துவரும் காலம் இது. இவ்வளவு தலையீட்டுக்குப் பிறகு, பட்டினி கிடக்கும் நான்கு நாளில் மட்டும் கைகட்டி நிற்பதை இயற்கைக்குக் காட்டும் மரியாதை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஊட்டினால் அவை நம்மையே நம்பி இருந்துவிடுமோ என்ற அச்சமும் தேவையற்றது. வெயில் வந்து பூச்சி எழும்பிய மறுநிமிடமே அவை நம்மை விட்டு வானத்துக்குப் போய்விடும்.

என்னிடம் மார்ட்டின் வீடு இல்லை. நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பயணத்தின் நடுவே குளிரில் சிக்கும் கூட்டங்கள் ஏரி, குளம், ஆற்றங்கரைகளின் ஒதுக்கான பகுதிகளில் கடைசியாகக் கிடைக்கும் பூச்சிகளைத் தேடுகின்றன. அந்த இடங்களில் படகையும் நாயையும் கொண்டு அவற்றை விரட்டாமல் இருப்பதே பெரிய உதவி. தோட்டத்திலும் புல்வெளியிலும் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் வீடு வைத்திருக்கும் முதியவர்கள் பலர் உண்டு. பனி உறைந்த நாளில் அவர்களுக்குப் பூச்சி வாங்கிக் கொடுப்பதற்கும், இரண்டு மணி நேரம் கரண்டியோடு நிற்பதற்கும் ஆள் தேவைப்படும். பென்சில்வேனியாவின் ஈரி நகரை மையமாகக் கொண்ட பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கம், வீடு வைப்பது முதல் குளிர்கால உணவு வரை எல்லாவற்றுக்கும் வழிகாட்டுகிறது.

எப்போது நிறுத்துவது? அதன்பின் செய்ய வேண்டியது என்ன?

வெப்பநிலை ஏறிய முதல் நாளிலேயே நிறுத்திவிடாதீர்கள். தரையும் நீரும் சூடேறிப் பூச்சிகள் எழும்ப இன்னும் ஒரு நாள் பிடிக்கும். மெலிந்த பறவைக்கு அந்த ஒரு நாளும் முக்கியம். அவை காலையிலேயே கிளம்பி உயரத்தில் வட்டமிட்டு, நீங்கள் எறிவதைப் பொருட்படுத்தாமல் போகும்போது நிறுத்தலாம்.

பிறகு, பறவைகள் வேட்டைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டை இறக்கி ஒவ்வோர் அறையையும் பாருங்கள். ஒடுங்கி உறங்கியவற்றில் அடியில் இருந்தவை இறந்திருக்கலாம். கையுறை அணிந்து அவற்றை அகற்றி, நனைந்த சருகை எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் பரப்புங்கள். கால் வளையம் இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அமெரிக்க அரசின் பறவை வளைய ஆய்வகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தப் பறவைக்கு எங்கே, எப்போது வளையம் இடப்பட்டது என்பதை அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். மிஞ்சிய கிரிக்கெட்டுகளை மீண்டும் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். தெற்கே டெக்சாஸில் மார்ச் முடிவு வரையிலும், வடக்கே மே நடுப்பகுதி வரையிலும் இன்னொரு குளிர்காற்று வரக்கூடும்.